கங்கையைப் பூட்டிய வாரத்தில் ஹரித்துவார் போனோம்!

தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள். ஹரித்துவாரின் ஹர் கி பௌரி படித்துறையில் நானும் என் அப்பாயியும் நிற்கிறோம். எதிரே கங்கை இல்லை.

இல்லை என்றால் ஒரேயடியாக வறண்டு கிடக்கவில்லை. படியை ஒட்டி முழங்காலுக்குக் கீழே ஒரு ஓட்டம் இருந்தது. அதைத் தாண்டி கூழாங்கல்லும் சேறும் கிழிந்த துணியும்தான். ஆற்றுக்கு நடுவே சின்னப் பையன்கள் குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், வருஷம் முழுக்க பக்தர்கள் எறிந்த காசு. ஒரு பையனின் உள்ளங்கையில் கறுத்துப்போன ஒரு ரூபாய் நாணயங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன.

டிவியில் பார்த்திருப்பீர்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மக்கள் முங்கி எழுவார்கள், பச்சைத் தண்ணீர் அந்த வேகத்தில் ஓடும். அதைக் காட்டித்தான் அப்பாயியை அழைத்து வந்திருந்தேன். டிக்கெட் போட்டது நான். தேதியைத் தேர்ந்தெடுத்தது நான். ஓட்டலுக்கு முன்பணம் கட்டியதும் நான்தான். 'தீபாவளி சீஸன், சூப்பரா இருக்கும் மேடம்' என்று சொன்ன டிராவல்ஸ்காரர் இந்த விஷயத்தை மட்டும் சொல்லவே இல்லை. ஒரு முறை கூகுள் செய்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஊருக்கெல்லாம் செய்தி தேடித் தருகிற வேலை என்னுடையது. சொந்தப் பயணத்துக்குத் தேடவில்லை!

அப்பாயிக்கு 74 வயது. பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமம். தெருக்கோடியில் ஓய்வுபெற்ற டீச்சர் மாமி ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் காலையில் பலகாரத் தட்டோடு வந்து, "என்ன, கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்பார். "ஆச்சு மாமி, அண்டா வெந்நீர்ல ஆச்சு" என்பது அப்பாயியின் பதில். நாற்பது வருஷமாக ஓடுகிற ஜோக் இது. என் முதல் வேலையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அந்த ஜோக்கை நிஜமாக்கிவிடலாம் என்று நினைத்தேன். தாத்தா இருந்தபோதே போக வேண்டியது. அறுவடை, கல்யாணம், ஆபரேஷன் என்று தள்ளிப்போய், கடைசியில் தாத்தா இல்லாமல் போயிற்று.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாயியோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலேயும் கீழேயும் பார்த்தார். பிறகு சொன்னார்: "மேல எங்கேயோ ஷட்டரை இறக்கிட்டானுவ. தூர் வாருறானுவ போலருக்கு."

சரியாகச் சொல்லிவிட்டார்.

படித்துறையில் ஓடுவது எந்தத் தண்ணீர்?

பக்கத்தில் டீக்கடைக்காரரிடம் என் அரைகுறை இந்தியில் விசாரித்தேன். அவருக்கு இது வருஷா வருஷம் சொல்லிப் பழகிய பதில். தசரா நள்ளிரவில் கங்கைக் கால்வாயை மூடுவார்கள், தீபாவளி இரவு திறப்பார்கள். நடுவில் பராமரிப்பு வேலை. ஆரத்திக்காகவும் பூஜைக்காகவும் படித்துறையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைப்பார்கள்.

"கால்வாயை மூடினால் ஆறு ஏன் வற்றுகிறது?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கிழக்கே கையைக் காட்டினார். பெரிய கங்கை அந்தப் பக்கம், சண்டிதேவி மலையின் அடிவாரத்தில் ஓடுகிறது. அதற்கு நீலதாரா என்று பெயர். ஹர் கி பௌரிக்கு வருவது அதிலிருந்து திருப்பிவிடப்பட்ட ஒரு கிளை. அது அப்படியே போய் அப்பர் கங்கா கால்வாயாகிவிடுகிறது. தண்ணீரைத் தேக்கித் திருப்புவது பீம்கோடா தடுப்பணை. கதவைத் திறந்து மூடுகிற அதிகாரம் உத்தரப்பிரதேச நீர்ப்பாசனத் துறையிடம். ஊர் உத்தராகண்டில், சாவி பக்கத்து மாநிலத்தில்! காவிரிக்காரர்களான நமக்கு இதெல்லாம் புதுசா என்ன?

இந்தக் கால்வாய்க்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது. 1837-38-ல் ஆக்ரா பகுதியில் வந்த கொடும் பஞ்சத்தில் சுமார் 8 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். கங்கைக்கும் யமுனைக்கும் நடுவில் இருக்கிற நிலம் அது. இரண்டு பக்கமும் பெரிய ஆறு, நடுவில் பட்டினிச் சாவு. கங்கைத் தண்ணீரை மேட்டிலேயே பிடித்து இந்த நிலத்துக்குள் கொண்டுபோகத் திட்டம் போட்டவர் ப்ரோபி காட்லி என்ற ஆங்கிலேயர். 1842-ல் வேலை தொடங்கியது. 1854 ஏப்ரலில் தண்ணீர் திறந்தார்கள்.

ஹரித்துவார் பண்டாக்கள் சும்மா விடவில்லை. கங்கையைச் சிறை வைப்பதா என்று எதிர்த்தார்கள். அணையில் ஒரு இடைவெளி விட்டுக் கட்டுகிறேன், ஆறு தடையில்லாமல் ஓடும் என்று காட்லி சமாதானம் சொன்னார். படித்துறைகளையும் பழுதுபார்த்துக் கொடுத்தார். வேலையைப் பிள்ளையார் பூஜையோடு தொடங்கினாராம்! ஆனால் சண்டை அதோடு தீரவில்லை. புது அணை வேலை வந்தபோது மறுபடி எதிர்ப்பு கிளம்பியது. மதன் மோகன் மாளவியா முன்னின்று பேசி, படித்துறைக்குத் தண்ணீர் நிற்காமல் வர வேண்டும் என்று 1916-ல் அரசோடு ஓர் உடன்பாடு ஆனது.

இதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்து நடந்தது இன்னும் விசேஷம். 2016-ல் உத்தராகண்ட் அரசு, ஹர் கி பௌரி வழியாக ஓடுவது கங்கையே அல்ல, உபரி நீர் போகிற கால்வாய் என்று ஓர் ஆணை போட்டது. கங்கைக் கரையோரம் கட்டடம் கட்ட தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு விதித்திருந்தது. இது கங்கை இல்லையென்றால் கட்டுப்பாடும் இல்லை அல்லவா? பண்டாக்களும் சாமியார்களும் கொதித்துப்போனார்கள். 2020-ல் அந்த ஆணை ரத்தானது. ஆக, நான்கு வருஷம் அரசாங்கக் காகிதத்தில் அங்கே ஓடியது கங்கை இல்லை. அந்த நான்கு வருஷமும் முங்கியவர்களின் புண்ணியக் கணக்கை யார் பார்ப்பது?

அப்பாயியிடம் இதையெல்லாம் சொன்னேன். "காகிதத்துல என்ன எழுதுனா என்ன, தண்ணி அதே தண்ணிதானே" என்றவர், குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். "ஆனா இதுல முங்க முடியாதுடி. புரளத்தான் முடியும்."

அன்று மாலை ஆரத்தி வழக்கம்போல நடந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்தக் கொஞ்சூண்டு தண்ணீரிலும் இலைத்தொன்னை விளக்குகள் கல்லில் முட்டி முட்டிப் போயின.

மாமியாரும் மருமகளும் சேருமிடம்

மறுநாள் அதிகாலை தேவப்பிரயாகைக்குக் கார் பிடித்தோம். நீலதாராவிலேயே முங்கியிருக்கலாம். கால்வாயை மூடியதால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம்தான் போகிறது. ஆனால் படுக்கப் போகுமுன் அப்பாயி ஒரு கேள்வி கேட்டிருந்தார். "கங்கைக்கு கங்கைன்னு எந்த எடத்துல பேரு வக்கிறாங்க?" பதில்தான் தேவப்பிரயாகை. அதற்கு மேலே கங்கை என்ற பெயரில் ஆறு இல்லை. கோமுகிலிருந்து வருவது பாகீரதி, பத்ரிநாத் பக்கமிருந்து வருவது அலக்நந்தா. இரண்டும் சேர்ந்த பிறகுதான் கங்கை.

ஹரித்துவாரிலிருந்து ரிஷிகேஷ் சுமார் 25 கி.மீ., அங்கிருந்து இன்னும் 70 கி.மீ. ரிஷிகேஷைத் தாண்டியதும் சமவெளி சட்டென்று முடிந்து மலை தொடங்கிவிடுகிறது. அதுவரை அகலமாகக் கிடந்த ஆறு, பள்ளத்தில் ஒடுங்கி நுரைத்துக்கொண்டு வருகிறது. இந்தியாவின் தட்டையான வடக்குச் சமவெளி முழுக்க இப்படி மலையிலிருந்து இறங்கிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அடிவாரத்தில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள், கீழே போகப் போகச் சரளை, பிறகு மணல், அப்புறம் வண்டல். காரின் ஜன்னலில் அது அப்படியே தெரிகிறது.

வழியெல்லாம் மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். ரிஷிகேஷிலிருந்து கர்ணப்பிரயாகைக்கு 125 கி.மீ. ரயில் பாதை வருகிறது. அதில் பெரும்பகுதி சுரங்கம். சாலையையும் அகலப்படுத்துகிறார்கள். இரண்டு இடத்தில் மலைச்சரிவு மண் சாலையில் கிடந்தது. ரிஷிகேஷைக் கடக்கும்போது எனக்கு ஜி.டி.அகர்வால் ஞாபகம் வந்தார். ஐ.ஐ.டி. கான்பூரில் பேராசிரியராக இருந்தவர். கங்கையின் மேல்பகுதியில் அணைகள் வேண்டாம், ஆறு தடையில்லாமல் ஓட வேண்டும் என்று 111 நாள் உண்ணாவிரதம் இருந்து, 2018 அக்டோபர் 11-ல் ரிஷிகேஷ் மருத்துவமனையில் உயிர்விட்டார். இதழியல் டிப்ளமோ படிக்கும்போது அவரைப் பற்றி ஓர் அசைன்மென்ட் எழுதியிருக்கிறேன். அப்போது இந்த ஆற்றைப் பார்த்ததில்லை.

தேவப்பிரயாகை, மேலேயிருந்து பார்க்கும்போதே கண்ணைக் கட்டிவிடும். இடது பக்கமிருந்து ஒரு நிறம், வலது பக்கமிருந்து இன்னொரு நிறம். பாகீரதி தெளிந்த பச்சை. அலக்நந்தா சாம்பல் கரைத்துவிட்ட மாதிரி மங்கல். கூடுமிடத்தில் கொஞ்ச தூரம் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகவே ஓடுகின்றன. உள்ளூரில் பாகீரதிக்கு 'சாஸ்', அலக்நந்தாவுக்கு 'பஹு' என்று பெயர். மாமியார், மருமகள்! பாகீரதி ஆர்ப்பாட்டமாக வரும், அலக்நந்தா அடக்கமாக வரும் என்பதால் அந்தப் பெயராம்.

இப்போது கதை மாறிவிட்டது. தேவப்பிரயாகைக்கு மேலே பாகீரதியில் டெஹ்ரி அணை இருக்கிறது. 260.5 மீட்டர் உயரம். 2005-ல் நீர் தேக்கத் தொடங்கியபோது பழைய டெஹ்ரி நகரமே உள்ளே போய்விட்டது. சனங்களை மலை மேல் புது டெஹ்ரியில் குடிவைத்தார்கள். ஆற்றின் மண்ணெல்லாம் அணைக்குள் படிந்துவிடுவதால், கீழே வருகிற பாகீரதி வடிகட்டிய மாதிரி தெளிவாக, சாதுவாக வருகிறது. மழைக்காலத்தில் செம்மண்ணாகப் பொங்கி வருவது இப்போது அலக்நந்தாதான்.

"மாமியாரைக் கட்டிப்போட்டாச்சு, மருமக ஆடுறா" என்றார் அப்பாயி. பக்கத்தில் நின்ற ஸ்ரீரங்கத்துக் குடும்பம் வெடித்துச் சிரித்தது.

ஆமாம், அங்கே தமிழ் கேட்கும். சங்கமத்துக்கு மேலே இருக்கிற ரகுநாத்ஜி கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. பெரியாழ்வார் பாடிய 'கண்டமென்னும் கடிநகர்' இதுதான். ஆயிரம் வருஷத்துக்கும் முன்பு தமிழில் பாட்டு வாங்கிய இமயமலை ஊர்!

பாகீரதி மேல் தொங்கு பாலம். அதைக் கடந்து சந்து சந்தாகப் படி இறங்க வேண்டும். அப்பாயிக்கு முட்டி வலி. பத்துப் படிக்கு ஒரு முறை உட்கார்ந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தரம் கேட்டேன். இரண்டாம் தரம் முறைத்தார்.

படித்துறையில் இரும்புச் சங்கிலிகள் கட்டியிருக்கிறார்கள். அணையிலிருந்து எந்த நேரமும் தண்ணீர் திறக்கப்படலாம், எச்சரிக்கை என்று பலகை. தண்ணீரில் காலை வைத்தேன். ஊசி குத்திய மாதிரி சில்லென்று ஏறியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பக்தியெல்லாம் இல்லை, பயம்தான். ஒரு பிடி நழுவினால் போதும். அப்பாவிடம் என்ன சொல்வேன்? அப்பாயியின் இடுப்புச் சேலையை ஒரு கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "பாட்டி, சங்கிலி பிடிங்க, கெட்டியா பிடிங்க" என்று உடைந்த தமிழில் ஒரு பூசாரி கத்தினார்.

மூன்று முங்கு. ஒவ்வொன்றுக்கும் தாத்தாவின் பெயரைச் சொல்லிவிட்டு முங்கினார். மூன்றாவது முங்கிலிருந்து எழ ஒரு விநாடி கூடுதலானது. எனக்கு அது ஒரு நிமிஷம் மாதிரி இருந்தது. எழுந்ததும் பல் தந்தியடிக்க அவர் சொன்ன முதல் வார்த்தை: "அண்டா வெந்நீரே தேவலாம்டி!"

ஆற்றுக்கு மேலே ஆறு

ஊர் திரும்புகிற வழியில் ரூர்க்கியில் காரை நிறுத்தச் சொன்னது அப்பாயிதான். வந்த அன்றே அந்த வழியில் காலியாகக் கிடந்த கால்வாயைப் பார்த்து, "இம்மாம் பெரிய வாய்க்கால்ல ஏன் தண்ணியில்ல?" என்று கேட்டிருக்கிறார். நான் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு 'உம்' கொட்டியிருக்கிறேன். அப்போதே நிமிர்ந்து பார்த்திருந்தால் ஹர் கி பௌரியில் அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

ரூர்க்கியில் சோலானி என்ற ஆறு குறுக்கே வருகிறது. கங்கைக் கால்வாயை அதன் மேல் பாலம் கட்டித் தாண்டவைத்திருக்கிறார்கள். 15 வளைவுகள், ஒவ்வொன்றும் 50 அடி அகலம். மேலே ஒரு ஆறு, கீழே ஒரு ஆறு. ஹரித்துவாருக்கும் ரூர்க்கிக்கும் நடுவில் இதற்கு நேரெதிர்க் காட்சியும் உண்டு. ராணிப்பூர், பத்ரி என்ற இரண்டு காட்டாறுகள் கால்வாய்க்கு மேலே போகின்றன, கால்வாய் அடியில் ஓடுகிறது. தனௌரியில் காட்டாறும் கால்வாயும் ஒரே மட்டத்தில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. இதைக் கட்டவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும் என்பதால்தான் 1847-ல் ரூர்க்கியில் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கினார்கள். இன்றைய ஐ.ஐ.டி. ரூர்க்கி அதுதான். பாலத்துக்கு மண் சுமக்க 1851-ல் நீராவி ரயில் இன்ஜினே ஓட்டியிருக்கிறார்கள். 2024-ல் கால்வாயை மூடியபோது ஹரித்துவாரில் ஆற்றடியில் பழைய தண்டவாளம் தெரிகிறது என்று ஒரு வீடியோ வைரலானதே, ஞாபகம் இருக்கிறதா? அதுவும் கால்வாய் வேலைக்குப் பொருள் கொண்டுபோகப் போட்டது என்றுதான் சொன்னார்கள்.

காட்லியோடு பெரிய சண்டை போட்டவர் யார் தெரியுமா? ஆர்தர் காட்டன். நம் முக்கொம்பு மேலணையை 1836-ல் கட்டியவர், கல்லணையைப் பார்த்துப் பாடம் படித்தவர். கால்வாயின் தலைப்பை மலையடிவாரத்தில் வைத்தது தப்பு, இன்னும் கீழே வைத்திருக்க வேண்டும் என்று 1860-களில் எழுதி எழுதித் தள்ளினார். காவிரியில் கற்றதை கங்கைக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்த மனிதர். அப்பாயிக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடித்துப்போனது.

காலிக் கால்வாயின் சரிவில் கொத்தனார்கள் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாயி கரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்தார். இதில் சுமார் 10,500 கன அடி போகும் என்றேன். கணக்குப் போடுகிற மாதிரி தலையாட்டினார். அந்தப் பக்கம் அசல் ஆற்றுக்கு எவ்வளவு விடுவார்கள் என்று கேட்டார். 2018-ல் மத்திய அரசு போட்ட விதிப்படி, மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் பீம்கோடாவுக்குக் கீழே விநாடிக்கு 36 கன மீட்டராவது விட வேண்டும். நம் கணக்கில் சுமார் 1,270 கன அடி.

"வாய்க்காலுக்குப் பத்தாயிரம், ஆத்துக்கு ஆயிரமா?"

நான் பதில் சொல்லவில்லை. இந்த வாய்க்காலை நம்பி 10 மாவட்டங்களில் விவசாயம் நடக்கிறது. டெல்லிக்கும் இதிலிருந்து குடிதண்ணீர் போகிறது. மூடியிருக்கிற நாளில் நொய்டாவிலும் காசியாபாத்திலும் குழாயில் திண்டாட்டம். சாலையின் இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. அப்பாயி அதையும் பார்த்தார். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஜனவரி 28 மூடல் என்று வாழ்ந்தவர். கடைமடையில் தண்ணீருக்காக ராத்திரி மண்வெட்டியோடு காத்திருந்த தாத்தாவின் மனைவி. வாய்க்கால் பக்கம் பேசுவதா, ஆற்றின் பக்கம் பேசுவதா என்று அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். "ரெண்டும் வேணுந்தான்" என்று எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

நீங்கள் போவதாக இருந்தால் தசராவுக்கும் தீபாவளிக்கும் நடுவில் ஹர் கி பௌரி குளியலுக்குத் திட்டம் போடாதீர்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். நீலதாரா பக்கம் தண்ணீர் இருக்கும், சங்கிலி இருக்கிற துறையாகப் பார்த்து இறங்குங்கள். தேவப்பிரயாகையில் படிகள் அதிகம், முட்டி வலிக்காரர்களுக்குக் கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

தீபாவளி காலையில் ஊரில் இருந்தோம். டீச்சர் மாமி தட்டோடு வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஆச்சு மாமி. ஆனா ஹரித்துவார்ல ஆகல" என்று தொடங்கிய அப்பாயி, பீம்கோடா ஷட்டரிலிருந்து சோலானி பாலம் வரை சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. மாமி கையில் பிடித்திருந்த அதிரசம் அப்படியே இருந்தது. அடுத்த வருஷம் மாமியும் வருகிறாராம். தேதியை நான் பார்க்க வேண்டாமாம், அப்பாயியே பார்த்துக்கொள்வாராம்.